பெருந்தமனி ஆபரேஷனும் விலங்கு மாதிரிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ரத்தக்குழாய் அறுவைப் பயிற்சிப் பட்டறைகளில் பல ஆண்டுகளாகத் தையல் சொல்லித் தருகிறேன். டீ இடைவேளையில் வந்து கேட்பவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். முதுநிலை மாணவர்கள், செவிலியர்கள், ஆபரேஷனுக்குக் காத்திருப்பவரின் பிள்ளைகள், விலங்குகள் மேல் பிரியம் கொண்டவர்கள் என்று பலர். கேள்விகள் மட்டும் மாறுவதில்லை. அவற்றைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைச் சொல்லியிருக்கிறேன்.

“பெருந்தமனின்னா எது சார்? அதுல ஆபரேஷன் பண்ண எதுக்கு மிருகம்?”

இதயத்திலிருந்து கிளம்பி, கைத்தடியின் பிடி மாதிரி வளைந்து, முதுகெலும்பை ஒட்டியே வயிறு வரை இறங்கி, தொப்புள் உயரத்தில் இரண்டாகப் பிரிந்து கால்களுக்குப் போகிற குழாய்தான் பெருந்தமனி. டாக்டர்கள் பேச்சில் அயோர்ட்டா. வயிற்றில் இதன் குறுக்களவு சுமார் 2 செ.மீ. அது 3 செ.மீ. அல்லது அதற்கு மேல் உப்பினால் அனியூரிசம். ஆண்களுக்கு 5.5 செ.மீ. ஆகிவிட்டால் பொதுவாக ஆபரேஷன் பேச்சு தொடங்கும். உள்ளடுக்கு கிழிந்து, சுவரின் அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் புகுந்தால் அது டிசெக்‌ஷன்.

இந்தக் குழாயில் ரத்த ஓட்டத்தை நிறுத்தும் இடுக்கியான கிளாம்பைப் போட்ட நிமிடத்திலிருந்து கீழே இருக்கும் உறுப்புகள் ரத்தத்துக்குக் காத்திருக்கின்றன. போடும் இடத்தைப் பொறுத்து கால், குடல், சிறுநீரகம், தண்டுவடம் எல்லாம் அதில் அடங்கும். அந்த நேரத்தில் ஒருவர் முதன்முறையாகத் தைத்துப் பழகக் கூடாது. அதனால் விலங்கின் தேவை இரண்டு வகை. ஒன்று, கை பழகுவது. இன்னொன்று, புதுக் கிராஃப்ட் (பழுதான இடத்தில் வைக்கும் மாற்றுக் குழாய்), புது மருந்து, புது முறை ஆகியவற்றைச் சோதிப்பது. இரண்டும் வேறு வேறு வேலைகள். விலங்கு மாதிரிகள், அதாவது மனிதருக்குப் பதிலாக வைத்துப் பார்க்கும் விலங்குகள் பற்றி வரும் குழப்பத்தில் பாதி, இந்த இரண்டையும் ஒன்றாகப் பேசுவதால் வருவது.

“நாய்ல பண்ணிப் பார்த்துத்தான் கத்துக்கிட்டாங்கன்னு சொல்றாங்களே, உண்மையா?”

உண்மைதான். 1902-ல் பிரான்சின் லியோன் நகரில் அலெக்சிஸ் கரேல் ரத்தக்குழாய்களை இணைத்துத் தைக்கும் முறையை வெளியிட்டார். வட்டமான குழாய் வாயில் மூன்று இடத்தில் நூல் போட்டு இழுத்தால் அது முக்கோணமாகிவிடும். பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் நேர்க்கோடாகத் தைத்துவிடலாம். நாய்களில் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துத்தான் அந்த முறையை அவர் செம்மைப்படுத்தினார். 1912-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்றும் சின்னக் குழாய்களை இணைக்கக் கற்றுக்கொடுக்கும்போது அந்த முக்கோணத்திலிருந்துதான் தொடங்குகிறோம்.

துணிக் குழாய் வந்த கதை எனக்கு இன்னும் பிடிக்கும். 1947-ல் நியூயார்க்கில் ஆர்தர் வூர்ஹீஸ் என்ற இளம் மருத்துவர், ஒரு நாயின் இதயத்துக்குள் பட்டு நூல் தையல் ஒன்றை இடம் தவறிப் போட்டுவிட்டார். சில மாதங்கள் கழித்துத் திறந்து பார்த்தபோது, அந்த நூலை மினுமினுப்பான மெல்லிய படலம் மூடியிருந்தது. நூலை மூடும் உடம்பு துணியையும் மூடாதா என்று யோசித்தார். வின்யான் என்ற செயற்கைத் துணியைக் குழாயாகத் தைத்து நாய்களின் பெருந்தமனியில் வைத்துப் பார்த்து, 1952-ல் சகாக்களோடு முடிவை வெளியிட்டார். அதற்குப் பிறகு ஹூஸ்டனில் சர்ஜன் மைக்கேல் டெபேக்கி, டேக்ரான் என்ற பாலியெஸ்டர் துணியை வீட்டுத் தையல் மெஷினில் குழாயாகத் தைத்தார். 2005-ன் கடைசி நாளில், 97 வயதில், அவருடைய பெருந்தமனியே கிழிந்தது. 2006 பிப்ரவரியில் டேக்ரான் கிராஃப்ட் வைத்துத்தான் அவரைக் காப்பாற்றினார்கள்.

வயிற்றைத் திறக்காமல், தொடையில் உள்ள தமனி வழியாக ஸ்டென்ட்-கிராஃப்டை (கம்பி வலை சேர்ந்த துணிக் குழாயை) உள்ளே கொண்டுபோய் வைக்கும் முறையும் அப்படி வந்ததுதான். அர்ஜென்டினா சர்ஜன் ஹுவான் பரோடி நாய்களில் செயற்கை அனியூரிசம் உண்டாக்கிப் பல வருடம் சோதித்துவிட்டு, 1990 செப்டம்பரில் புவனஸ் அயர்ஸில் மனிதருக்குச் செய்தார்.

“ஏன் பன்றி? மனுசனுக்குக் குரங்குதானே நெருக்கம்?”

பரம்பரையில் குரங்கு நெருக்கம். ஆபரேஷன் மேஜையில் பன்றி நெருக்கம். ஆய்வுக்கூடங்களில் வளர்க்கும் குரங்குகள் பெரும்பாலும் சில கிலோ எடைதான் இருக்கும். அதன் பெருந்தமனிக்குள் மனிதருக்கான ஸ்டென்ட் நுழையாது. குரங்கைப் பயன்படுத்துவதில் உள்ள அறக் கேள்விகளும் கனமானவை. வேறு விலங்கில் முடிகிற வேலைக்கு யாரும் அதைக் கேட்பதில்லை.

50, 60 கிலோ பன்றியின் இதய அளவு, ரத்த அழுத்தம், இதயத் தசைக்கு ரத்தம் போகும் அமைப்பு எல்லாம் நமக்குப் பக்கத்தில் வருகின்றன. மனிதருக்குப் பயன்படுத்தும் அதே கிளாம்ப், அதே ஊசி, அதே கதீட்டரை எடுத்து வேலை செய்யலாம். பயிற்சிக்கு இது பெரிய விஷயம். கருவியின் எடை கையில் பதிய வேண்டும்.

“அப்போ பன்றியோட பெருந்தமனி நம்மோடது மாதிரியே இருக்குமா?”

இருக்காது. முதலில் வளைவைப் பாருங்கள். நம் பெருந்தமனி வளைவிலிருந்து மூன்று கிளைகள் கிளம்பும். பன்றிக்கு இரண்டு, செம்மறிக்கு ஒன்றே ஒன்று. சுண்டெலிக்கு நம்மைப் போலவே மூன்று! வளைவில் வைக்கும் கிளை கிராஃப்டைப் பன்றியில் சோதிப்பவர் இதைக் கணக்கில் எடுக்காவிட்டால் மூளைக்குப் போகும் வழியையே அடைத்துவிடுவார்.

கீழேயும் வித்தியாசம் உண்டு. நம் பெருந்தமனி இரண்டாகப் பிரிந்து, ஒவ்வொரு கிளையும் மறுபடி உள், வெளி என்று பிரியும். பன்றிக்கு அந்தப் பொதுக் கிளை கிடையாது. காலுக்குப் போகும் இரண்டும் நேராகப் பெருந்தமனியிலிருந்தே கிளம்பும். சிறுநீரகத்துக்குக் கீழே அதன் பெருந்தமனி சுமார் 1 செ.மீ. அகலம்தான். இளம் பன்றியின் சுவர் மிருதுவாக இருக்கும், நூலை அழுத்தி இழுத்தால் வெட்டிக்கொண்டு வந்துவிடும். பன்றியின் இதயமும் லேசில் துடிப்பு தடுமாறும். சில இனங்களுக்கு மயக்க வாயு பட்டால் உடல் சூடு கொதித்து ஏறும் பரம்பரைக் கோளாறு உண்டு. அதனால் கால்நடை மயக்க மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் இந்த வேலையைத் தொடவே கூடாது.

இன்னொரு சிக்கல், பண்ணைப் பன்றி வளர்ந்துகொண்டே போகும். இன்று வைத்த கிராஃப்ட் நான்கு மாதத்தில் அந்த உடம்புக்குச் சின்னதாகிவிடும். நீண்ட நாள் பார்க்க வேண்டுமென்றால் கோட்டிங்கன் போன்ற குட்டை இனப் பன்றிகளை எடுப்பார்கள். அவை முழுதாக வளர்ந்தாலும் 40 கிலோ பக்கம்தான் நிற்கும்.

“செம்மறி ஆட்டையும் பயன்படுத்துறாங்களே, அது எதுக்கு?”

நாள்பட்ட சோதனைக்கு. செம்மறி சாதுவானது, எடை அதிகம் ஏறாது, மாதக்கணக்கில் வைத்துப் பார்க்கலாம். இளம் செம்மறியின் உடம்பில் வைத்த இதய வால்வு, திசுக் கிராஃப்ட் எல்லாவற்றிலும் சுண்ணாம்பு சீக்கிரம் படியும். மனிதரில் பல வருடங்களில் தெரிகிற பழுது அங்கே சில மாதத்தில் தெரிந்துவிடும். செயற்கை வால்வுகளைச் செம்மறியில் சோதிப்பது உலக வழக்கம். நம் பக்கத்திலேயே நடந்தது ஒன்று உண்டு. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் தலைமையில் உருவான சித்ரா வால்வு, செம்மறிகளில் தேறிய பிறகுதான் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு வைக்கப்பட்டது.

அசைபோடும் பிராணி என்பதால் மல்லாக்கப் படுக்க வைத்தால் வயிறு காற்றால் உப்பி நுரையீரலை நெருக்கும். வாய் வழியாகத் தடித்த குழாய் ஒன்றை இரைப்பையில் விட்டுத்தான் ஆபரேஷனே தொடங்கும். பச்சை நிறச் சாறு அந்தக் குழாயில் கொப்பளித்து வாளியில் விழும் சத்தம், செம்மறி ஆபரேஷன் பார்த்தவர்களுக்கு மறக்காது.

“நாய்ல இன்னும் பண்றாங்களா?”

மிகவும் குறைந்துவிட்டது. மக்கள் மனசு மாறியது ஒரு காரணம். அறிவியல் காரணமும் உண்டு. நாய்க்கு மாற்றுக் கிளைவழிகள் நன்றாக இருப்பதால், ஒரு குழாயை அடைத்தாலும் மனிதருக்கு வரும் அளவு பாதிப்பு அதற்கு வருவதில்லை. முதல் ஐம்பது, அறுபது ஆண்டுப் பெருந்தமனி அறிவு நாய்களிடமிருந்து வந்தது என்பதை மறக்க முடியாது. இன்று அதே கேள்விகளுக்கு மறுபடி நாயைத் தேட வேண்டியதில்லை என்பதே என் எண்ணம்.

“எலியோட பெருந்தமனி ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காதே. அதுல என்ன ஆபரேஷன்?”

சுண்டெலிக்கு ஒரு மில்லிமீட்டர் பக்கம், வெள்ளெலிக்கு அதைவிடக் கொஞ்சம் அதிகம். மைக்ராஸ்கோப் வைத்து, தலைமுடியைவிட மெல்லிய 10-0 நூலில் தைப்பார்கள். மனிதப் பெருந்தமனிக்கு நாம் எடுப்பது அதைவிடத் தடித்த 3-0 அல்லது 4-0. வெள்ளெலியில் தைப்பது நுண் அறுவைப் பயிற்சி. கை நடுக்கத்தை அடக்கக் கற்றுத் தரும்.

ஆனால் சுண்டெலியின் உண்மையான பயன் மரபணுவில் இருக்கிறது. ஒரே ஒரு மரபணுவை மாற்றி, அதனால் சுவர் எப்படிப் பலவீனமாகிறது என்று பார்க்கலாம். பன்றியில் அதைச் செய்வது எளிதில்லை. ஆக எலி நோயின் காரணம் தேட, பன்றி கருவியும் கைத்திறனும் பார்க்க, செம்மறி நாள்பட என்ன ஆகிறது என்று பார்க்க. எந்த விலங்கு நல்லது என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடையாது. உங்கள் கேள்வி என்ன என்று சொன்னால்தான் விலங்கைச் சொல்ல முடியும்.

“மிருகங்களுக்கு அனியூரிசம் தானா வருமா? இல்ல நாமளே வரவைக்கிறோமா?”

பெரும்பாலும் நாம்தான் வரவைக்கிறோம். முக்கியமான ஒரு வழி ஒரு பூச்செடியிலிருந்து கிடைத்தது. தோட்டத்தில் அழகுக்கு வளர்க்கும் இனிப்புப் பட்டாணிப் பூவின் விதையை வெள்ளெலிகளுக்குக் கொடுத்தபோது முதுகெலும்பு கோணி, பெருந்தமனி கிழிந்தது. நாம் சமைக்கிற பட்டாணி இல்லை இது. அதை 1952-ல் எழுதியவர்களில் ஒருவர் பொன்செட்டி. பிறவியில் வளைந்த பாதத்துக்குக் கட்டுப்போடும் பொன்செட்டி முறை என்று நம் ஆஸ்பத்திரிகளில் சொல்கிறோமே, அதே பொன்செட்டிதான். சுவருக்கு உறுதி தரும் கொலாஜனும் மீள்தன்மை தரும் எலாஸ்டினும் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ள விடாமல் ஒரு நச்சுப்பொருள் தடுக்கிறது என்று பின்னால் தெரிந்தது. அந்தப் பொருளைக் கொடுத்து டிசெக்‌ஷன் உண்டாக்குவது இன்றும் நடக்கிறது.

1990-ல் பாரிஸ் ஆய்வாளர்கள், எலாஸ்டினைத் தின்னும் நொதியை வெள்ளெலியின் பெருந்தமனிக்குள் செலுத்தி அனியூரிசம் உண்டாக்கினார்கள். கால்சியம் குளோரைடை வெளிப்புறத்தில் தடவுவது இன்னொரு வழி. 2000-லிருந்து அதிகம் புழங்குவது, கொழுப்பு ஏறும்படி மரபணு மாற்றிய சுண்டெலியின் தோலடியில் சின்ன பம்ப் வைத்து, 28 நாள் ஆஞ்சியோடென்சின் என்ற, ரத்த அழுத்தத்தை ஏற்றும் ஹார்மோனைச் செலுத்தும் முறை. பெரிய விலங்கில் பெருந்தமனியைக் கீறி ஒரு ஒட்டுத்துணியோ தசையுறையோ வைத்துத் தைத்து உப்பவைப்பார்கள். ஸ்டென்ட் வைத்துப் பழக அது போதும். நோயைப் படிக்கப் போதாது, ஏனென்றால் அங்கே நோயே இல்லை.

“எலியில வேலை செஞ்ச மருந்து மனுசனுக்கு ஏன் வேலை செய்ய மாட்டேங்குது?”

முந்தைய பதிலிலேயே காரணம் இருக்கிறது. மனிதருக்கு அனியூரிசம் 65 வயது தாண்டி, பெரும்பாலும் பல வருடம் புகைபிடித்த உடம்பில், சிறுநீரகத் தமனிகளுக்குக் கீழே, மெதுவாக வளர்கிறது. ஆஞ்சியோடென்சின் சுண்டெலிக்கோ சிறுநீரகத் தமனிக்கு மேலே, நான்கு வாரத்தில், சுவர் கிழிந்து வருகிறது. பெயர் ஒன்றாக இருப்பதால் நோய் ஒன்றாகிவிடாது. மருந்தையும் எலிக்கு நோய் தொடங்குவதற்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். மனிதர் நம்மிடம் வருவது நோய் முற்றிய பிறகு.

டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் நல்ல உதாரணம். எலிகளில் அது அனியூரிசத்தைக் கட்டுப்படுத்தியது. சின்ன அனியூரிசம் உள்ளவர்களுக்கு இரண்டு வருடம் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2020-ல் வந்தது, வளர்ச்சியில் வித்தியாசம் இல்லை. ரத்த அழுத்த மருந்தான லோசார்டானின் கதை கொஞ்சம் நுணுக்கமானது. பெருந்தமனிச் சுவரைப் பலவீனமாக்கும் மார்ஃபான் என்ற பரம்பரை நோயின் மரபணு கொண்ட சுண்டெலிகளில் அது பெருந்தமனி வீக்கத்தைத் தடுத்தது என்று 2006-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸிலிருந்து செய்தி வந்தபோது எல்லோரும் துள்ளினோம். 2014-ல் 608 பேரை வைத்து, பழைய மருந்தான அட்டெனோலாலோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் சமம். மருந்து தோற்றுவிட்டது என்று சிலர் சொல்கிறார்கள், அது சரியில்லை. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2022 கணக்கு, அந்த வகை மருந்துகள் வீக்கத்தின் வேகத்தை ஏறக்குறைய பாதியாக்குவதைக் காட்டியது. எலி திசையைக் காட்டியது. எலியில் பார்த்த அளவு மனிதருக்குக் கிடைக்கவில்லை.

“அப்பாவுக்கு நெஞ்சுப் பெருந்தமனி ஆபரேஷன். கால் வராமப் போகலாம்னு கையெழுத்து வாங்கினாங்க. இதுக்கு மிருக ஆராய்ச்சி ஏதாவது உதவியிருக்கா?”

நிறைய உதவியிருக்கிறது. தண்டுவடத்துக்கு ரத்தம் தரும் சின்னக் கிளைகள் பெருந்தமனியிலிருந்துதான் போகின்றன. மார்புப் பெருந்தமனி ஆபரேஷனின் பெரிய ஆபத்து இதயம் அல்ல, நரம்பு மண்டலம்தான் என்று கரேல் 1910-லேயே நாய்களைப் பார்த்து எழுதிவிட்டார். முயலில் சிறுநீரகத்துக்குக் கீழே பெருந்தமனியை அடைத்தாலே பின்னங்கால்கள் செயலிழக்கும், ஏனென்றால் அதன் தண்டுவடம் அந்த மட்டத்துக் கிளைகளை நம்பியிருக்கிறது. மனிதருக்கு அந்த இடத்தில் கிளாம்ப் போட்டால் அப்படி ஆவது மிக அபூர்வம். அதனால் தண்டுவடத்தைக் காக்கும் மருந்துகளை முதலில் முயலில் பார்ப்பார்கள்.

முதுகில் மெல்லிய குழாய் வைத்துத் தண்டுவட நீரை வடிப்பார்கள், உங்கள் அப்பாவுக்கும் வைக்கலாம். அந்த நீரின் அழுத்தம் குறைந்தால் ரத்தம் உள்ளே போக இடம் கிடைக்கும். 1960-களின் தொடக்கத்தில் நாய்களில் பார்த்த பாடம் அது. ஹூஸ்டனில் 145 நோயாளிகளை வைத்துச் சோதித்து 2002-ல் வெளியிட்டபோது, நீர் வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கால் பாதித்தது, வடித்தவர்களில் 2.6 சதவீதம் பேருக்கு. நாயிலிருந்து அந்த எண் வர நாற்பது வருடம் ஆனது.

பன்றிகள் சொன்னது வேறு. நியூயார்க்கின் மவுன்ட் சைனாயில் ராண்டல் க்ரீப் குழுவினர், பன்றியின் ரத்தக்குழாய்களில் பிசினை ஊற்றி உறையவைத்து, சதையைக் கரைத்துவிட்டுப் பார்த்தார்கள். தண்டுவடத்தைச் சுற்றியும் முதுகுத் தசைகளுக்குள்ளும் வலைபோல் சின்னக் குழாய்கள். ஒரே ஒரு பெரிய கிளையை மட்டும் நம்பித் தண்டுவடம் பிழைக்கவில்லை, இந்த வலை முழுவதும் தாங்குகிறது என்று புரிந்தது. கிளைகளை ஒரே நாளில் எல்லாம் கட்டினால் சில பன்றிகளுக்குக் கால் போனது. பாதியை இன்று, மீதியை ஒரு வாரம் கழித்து என்று கட்டினால் வலை தயாராகிக்கொண்டது. இதை வைத்துத்தான், பெரிய ஆபரேஷனுக்கு முன்பே சில கிளைகளைச் சுருள்கம்பி வைத்து அடைத்துத் தண்டுவடத்தைப் பழக்கும் முறை வந்தது. அப்பாவின் டாக்டரிடம், இரண்டு கட்டமாகச் செய்ய வழி உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

“நான் முதல் வருஷ சர்ஜரி பிஜி. உயிருள்ள பன்றியில பழகினாத்தானே கை வரும்?”

வராது. தையலே வராத கையோடு உயிருள்ள விலங்கின் முன்னால் நின்றால் பயம்தான் வரும். ஒரு பட்டறையில் பார்த்தது இன்னமும் உறுத்துகிறது. மயக்கத்தில் ஒரு பன்றி, சுற்றி ஆறு பேர். முதலில் கிளாம்ப் போட்டவர் அதற்கு முன் குழாய் எதையும் தைத்ததில்லை. பின்சுவர் கிழிந்தது. இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. மற்ற ஐவரும் கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். ஒரு உயிர் போனது, ஒருவரும் எதுவும் கற்கவில்லை.

முதலில் துணியிலும் நுரைப்பலகையிலும் முடிச்சு. அப்புறம் கோழித் தொடையில் உள்ள தமனி, அது ஒரு மில்லிமீட்டர் அளவில் கிடைக்கும். அப்புறம் ஆட்டு, பன்றிப் பெருந்தமனி. அடுத்து, உடல்தானம் செய்தவர்களின் உடலில் எந்த வழியாகப் பெருந்தமனியை அடைவது என்று பார்ப்பது. உயிருள்ள விலங்கு என்பது இதெல்லாம் முடித்து, சீனியராகி, குழுவோடு சேர்ந்து ரத்தப்போக்கை அடக்கக் கற்கும் கட்டத்துக்கு. கிளாம்பை எடுத்தவுடன் ரத்த அழுத்தம் சரிவதையும், மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெல்ல மெல்லத் தளர்த்துவதையும் இறந்த திசுவில் கற்க முடியாது. அந்தப் பாடத்துக்கு மட்டும்தான் அந்த உயிரைக் கேட்கலாம்.

“வீட்டுல ஆட்டு இதயத்தை வாங்கிப் பழகலாமா? எப்படி?”

தாராளமாக. கடைக்காரரிடம், இதயத்தையும் நுரையீரலையும் பிரிக்காமல், மேலே உள்ள குழாயை நறுக்காமல் கொடுங்கள் என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். வளையம் வளையமாகக் கெட்டியாக இருப்பது மூச்சுக்குழல். பக்கத்தில் பாலாடை நிறத்தில், ரப்பர் ட்யூப் மாதிரி, அமுக்கினால் துள்ளி எழுவதுதான் பெருந்தமனி. குறுக்கே வெட்டினால் இரண்டு முனையும் சுருங்கி விலகும். அந்த விலகலைப் பாருங்கள். தைக்கும்போது முனைகளை அவ்வளவு தூரம் கொண்டுவந்து சேர்க்க வேண்டும்.

உள்பக்கம் வழவழவென்று இருக்கும். ஊசியை அங்கிருந்து வெளியே வருமாறு போடுங்கள். வெளியிலிருந்து உள்ளே குத்தினால் உள்ளடுக்கு பிய்ந்து விலகும். ஆட்டில் அது பெரிதாகத் தெரியாது, நோயுற்ற மனிதப் பெருந்தமனியில் அதுவே டிசெக்‌ஷனாகிவிடும். மணிக்கட்டைச் சுழற்றி, ஊசியின் வளைவு போகிற வழியிலேயே அதை வெளியே எடுங்கள். நேராக இழுத்தால் துளை பெரிதாகி, கீறல் போல நீளும்.

தைத்து முடித்ததும் சோதனை. ஒரு முனையைக் கட்டிவிட்டு, மறு முனையில் டிரிப் குழாயைச் செருகிக் கட்டி, தண்ணீர் பாட்டிலைத் தையலுக்கு மேல் 136 செ.மீ. உயரத்தில் தொங்கவிடுங்கள். அது ஏறக்குறைய 100 மி.மீ. பாதரச அழுத்தம். குழாய் விறைக்கும். ஊசித் துளைகளில் முத்து முத்தாகத் தண்ணீர் அரும்பினால் பரவாயில்லை, உயிருள்ள ரத்தம் உறைந்து அடைத்துக்கொள்ளும். நூல் கோட்டில் பீச்சி அடித்தால் அங்கே தையல் இடைவெளி அதிகம். எங்கே பீச்சுகிறது என்று குறித்துவைத்து, அடுத்த முறை அந்த மூலையில் கவனம் வையுங்கள். பெரும்பாலும் பின்சுவர் மூலைதான். கையுறை போடுங்கள், ஊசியைப் பாதுகாப்பாக அப்புறப்படுத்துங்கள், சமையலறைப் பலகையைத் தொடாதீர்கள்.

“பன்றியைத் தொடுறது எங்க மார்க்கத்துல ஆகாது. அதனால பின்தங்கிடுவேனா?”

மாட்டீர்கள். மேலே சொன்னது எல்லாமே ஆட்டுத் திசுவில் நடக்கும். பட்டறைக்குப் பெயர் கொடுக்கும்போதே சொல்லிவிட்டால் உங்கள் மேஜையில் ஆடு வைப்பார்கள். எங்களிடம் கேட்டவர்களுக்கு அப்படித்தான் வைத்தோம். மாட்டுப் பெருந்தமனி மட்டும் வேண்டாம். சுவர் மிகத் தடிமன், ஊசி போடும் பழக்கம் தப்பாகப் படிந்துவிடும்.

“சிமுலேட்டர், 3டி பிரின்ட் எல்லாம் வந்தாச்சே. இன்னும் எதுக்கு விலங்கு?”

சில வேலைகளுக்கு உண்மையிலேயே இனி வேண்டியதில்லை. ஸ்டென்ட் வைப்பதைக் கணினி சிமுலேட்டரில் கற்கலாம். நோயாளியின் சிடி ஸ்கேனை வைத்தே அவருடைய பெருந்தமனியை அச்சடித்து, நாளை வைக்கப்போகும் ஸ்டென்டை இன்றே ஒத்திகை பார்க்கலாம். மூன்று கிளை வளைவு வேண்டுமா, அச்சடித்ததில் கிடைக்கும், பன்றியில் கிடைக்காது. இங்கே விலங்கைவிட அச்சடித்த மாதிரிதான் மேல்.

சிலிக்கானுக்கு அடுக்கு கிடையாது, ஈரம் கிடையாது, தப்பாக இழுத்தால் கிழியும் விதம் வேறு. புதுக் கிராஃப்டில் ரத்தம் உறைகிறதா, செல்கள் வந்து ஒட்டுகின்றனவா என்று அது சொல்லாது. அந்த இரண்டுக்கும் இன்றைக்கு உயிருள்ள உடம்பைத் தவிர வழியில்லை.

“சட்டப்படி இது சரியா? யார் வேணும்னாலும் பண்ணலாமா?”

முடியாது. இந்தியாவில் 1960-ன் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் உண்டு. அதன் 17-வது பிரிவு, வெறும் கைத்திறன் வளர்ப்பதற்காக விலங்குச் சோதனை செய்வதை முடிந்தவரை தவிர்க்கச் சொல்கிறது. மாற்று வழி இருந்தால் அதை எடுக்கச் சொல்கிறது. 1998 விதிகளின்படி நிறுவனம் பதிவு செய்திருக்க வேண்டும், அதன் விலங்கு நெறிமுறைக் குழு திட்டத்தைப் பார்த்து ஒப்புதல் தர வேண்டும். பிரிட்டன் இன்னும் கறார். 1876-லேயே கைத்திறனுக்காக உயிருள்ள விலங்கைப் பயன்படுத்துவதைத் தடைசெய்துவிட்டார்கள். 1986 சட்டத்தில் நுண் அறுவைப் பயிற்சிக்கு மட்டும் வழி விட்டார்கள். அதனால் அங்கே நல்ல சர்ஜன்கள் உருவாகாமல் போய்விடவில்லை. நம் மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன்.

“அதுக்கு வலிக்காதா? முடிஞ்சதும் என்ன செய்வாங்க?”

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். தயங்க வேண்டாம். பயிற்சியில் விலங்குக்கு மனிதருக்குத் தருவது போலவே முழு மயக்கம் தரப்படுகிறது. காதின் ரத்தக்குழாயில் ஊசி, மூச்சுக்குழலில் ட்யூப், சூட்டுக்குப் போர்வை, வலிநிவாரணி. பயிற்சி முடிந்ததும் மயக்கம் தெளியவிடாமலேயே அதிக மருந்து கொடுத்து உயிரை முடிப்பார்கள். அது எழுந்து வலியை உணர்வதில்லை.

ஆய்வில் விலங்கு விழித்து மாதக்கணக்கில் வாழும். அங்கேதான் பொறுப்பு கூடுதல். தினமும் வலிநிவாரணி, நடை, தீனி எடுப்பதைக் குறித்துவைப்பது, எந்த நிலை வந்தால் சோதனையை நிறுத்திவிட வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. கால் செயலிழக்கும் ஆய்வில் சிறுநீர்ப் பையை ஒருவர் கையால் அமுக்கி வடிக்க வேண்டியிருக்கும், புண் வராமல் புரட்டிப் போட வேண்டியிருக்கும். அதைச் செய்ய இரவில் ஆள் இல்லாத இடத்தில் அந்த ஆய்வைத் தொடங்கவே கூடாது.

“இளசா, நோயில்லாத விலங்குல தேறின கிராஃப்ட், எழுபது வயசுக்காரருக்கு எப்படிப் பொருந்தும்?”

கூர்மையான கேள்வி. வூர்ஹீஸ் பார்த்த அந்த மினுமினுப்பான படலம் நினைவிருக்கிறதா? விலங்குகளில் அது கிராஃப்டின் உள்பக்கம் பெரும்பகுதியை மூடிவிடும். மனிதரில் இரண்டு முனைகளிலிருந்தும் ஒன்றிரண்டு செ.மீ. வரைதான் வரும். பல வருடம் கழித்து எடுத்துப் பார்த்தாலும் நடுப்பகுதி வெறுமையாகவே இருக்கும். பெருந்தமனி அகலமானது, ரத்தம் வேகமாக ஓடுகிறது, அதனால் தப்பித்துக்கொள்கிறோம். அதே துணியை முழங்காலுக்குக் கீழே சின்னக் குழாயாக வைத்தால் அடைபடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

விலங்குச் சோதனையில் தேறியது என்றால், உடனே கெடுதல் செய்யவில்லை, வைக்க முடிகிறது, கசியவில்லை என்பதுவரைதான் அர்த்தம். பத்து வருடம் தாங்குமா என்பதை நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். ஸ்டென்ட்-கிராஃப்ட் வைத்தவர்களை ஆண்டுதோறும் ஸ்கேனுக்கு வரச் சொல்வது அதனால்தான். நன்றாகத்தானே இருக்கிறேன் என்று நிறுத்திவிடாதீர்கள்.

“‘எலியில் வெற்றி’ன்னு பேப்பர்ல செய்தி வருது. நம்பலாமா?”

நான் பார்ப்பது சில விஷயங்கள்தான். எந்த விலங்கு மாதிரி, வீக்கம் எந்த இடத்தில்? மருந்து நோய்க்கு முன்பா, பின்பா? அளந்தவருக்கு எந்த எலி மருந்து வாங்கியது என்று தெரியுமா? ஆண் எலி மட்டுமா, பெண் எலியும் உண்டா? பல அனியூரிசம் ஆய்வுகள் ஆண் எலியில் மட்டும் நடந்தவை. ஒரே ஒரு விலங்கு மாதிரியில் பார்த்தார்களா, இரண்டு மூன்றில் பார்த்தார்களா? எத்தனை எலிகள் நடுவில் செத்தன, அவற்றைக் கணக்கில் சேர்த்தார்களா? விலங்கு ஆய்வுக் கட்டுரைகளுக்காக 2010-ல் வந்த அரைவ் (ARRIVE) வழிகாட்டு நெறிகள் இதையெல்லாம் எழுதச் சொல்கின்றன. எழுதாத கட்டுரையை நான் பாதி மனசோடுதான் வாசிப்பேன்.

உங்கள் வீட்டில் யாருக்காவது அனியூரிசம் இருந்து, இப்படி ஒரு செய்தியோடு மருந்துக்கடைக்குக் கிளம்பினால், கொஞ்சம் நில்லுங்கள். எந்த எலி ஆய்வையும் எதிர்பார்க்காமல் இன்றே செய்யக்கூடியவை உண்டு. புகையை நிறுத்துவது, ரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பது, சொன்ன தேதியில் ஸ்கேன் எடுப்பது. அடுத்த ஸ்கேன் தேதி எப்போது என்று சீட்டில் எழுதியிருக்கிறதா, பாருங்கள்.